மூத்தவள் கை

ரத்னம்மா பாலசமுத்திரத்தில் வாழ வந்தபோது, அந்த மேட்டில் கல்லும் கள்ளியும்தான் இருந்தன. நான்கு பிள்ளைகளைப் புங்கமரத்தடியில் விட்டுவிட்டு, கடப்பாரையால் கல்லைப் பெயர்த்து வேர்க்கடலை விளைய வைத்தவள் அவள். புருஷன் சிரஞ்சீவி வரப்பில் நின்று பார்த்ததோடு சரி.

அந்த மகராசனுக்கு இப்போது இன்னொரு கல்யாணம் கேட்கிறது. பாகாலாவிலிருந்து பெண்ணையும் அவள் தகப்பனையும் கோயிலுக்கே வரவழைத்துவிட்டான். மூத்தவள் தன் கையால் இளையவள் கையைப் பிடித்துக் கொடுத்தால்தான் தாலி ஏறும் என்பது அவர்கள் வழக்கம்.

"புடிச்சுக் குடு, ரத்னா. காட்டு வேலைக்கு உனக்கும் ஒரு ஆளாச்சு," என்றான் சிரஞ்சீவி.

ஊரே செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. ரத்னம்மா பெண்ணின் கையைப் பிடித்தாள். சிரஞ்சீவி பல்லெல்லாம் தெரியக் கையை நீட்டினான். அதைத் தாண்டிப் போய், பெண்ணின் கையை அவள் தகப்பன் கையில் வைத்தாள்.

"இந்தாண்ணா, உன் பொண்ணு. ஊட்டுக்குக் கூட்டிக்கினு போ."

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"மூத்தவ கையால குடுத்தாச்சு. காட்டு வேலைக்கு ஆள் வேணும்னியே, கடப்பாரை வரப்புலதான் கீது. நீ வா."