தராசு அத்தையும் இரண்டு மார்க்கும்

“என் பையன் எண்ணூத்திப் பத்து! நீ வெறும் எழுநூத்தி நாப்பது! உன்கூட சேர்ந்து கடன் வாங்கினா அவன் மார்க்கும்ல இறங்கிடும்!”

“அத்தை, மெதுவா பேசுங்க. நான் எங்கயும் ஒரு தவணை பாக்கி வச்சதில்ல.”

“அப்புறம் ஏன் எழுபது குறையுது? எதையோ மறைக்கிற!”

படிக்கட்டில் நடந்த இந்தச் சண்டையைக் கேட்க எங்கள் குடியிருப்பில் யாரும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கத்தியவரை நாங்கள் தராசு அத்தை என்போம்; யாரைப் பார்த்தாலும் எடை போடாமல் விடமாட்டார். எதிரே நின்றவள் மூன்றாம் மாடிப் பெண், பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள், அத்தைக்கு மருமகளாகப் போகிறவள். நடுவில் முழித்துக்கொண்டிருந்த மூத்த மகன் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மட்டும் மிதிப்பது அவன் தொழில். அன்று அதைக்கூட மிதிக்கவில்லை.

கீழ்த்தளத்து வீடு விலைக்கு வந்திருந்தது. இருவரும் சேர்ந்து கடன் எடுத்து அதை வாங்குவது, பிறகு கல்யாணம் என்பது ஏற்பாடு. அத்தை இருவர் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து கிரெடிட் ஸ்கோரை, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று கம்பெனிகள் போடும் மார்க்கை, பார்த்துவிட்டார். “மார்க் ஏறட்டும், அப்புறம் கல்யாணத்தைப் பேசலாம்” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

பெண் அழவில்லை. “நாளைக்கு பேங்குக்குப் போறோம். நீங்களும் வாங்க அத்தை, அங்கயே கேட்டுடலாம்” என்றாள்.

அத்தை புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனார். அங்கே நடந்ததை மகன் பாதி உளறினான். மீதியை நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

கடன் பிரிவு மேடம் இரண்டு போனையும் பார்த்தாராம். “இது வேற கம்பெனி, அது வேற கம்பெனிம்மா. இவங்களது எண்ணூத்தி அம்பதுக்கு. உங்க பையனது ஆயிரத்துக்கு. அம்பதுக்கு நாப்பது வாங்கினவங்க கெட்டிக்காரங்களா, நூறுக்கு அறுபது வாங்கினவங்களா?”

அத்தை இரண்டு போனையும் மறுபடி எடுத்துப் பார்த்தாராம்.

“நாங்க ரெண்டு பேரையும் ஒரே கம்பெனி கணக்குலதான் பார்ப்போம்” என்றாராம் மேடம். பார்த்தார்கள். எண்ணூற்று ஐம்பதுக்குப் பெண் அதே எழுநூற்று நாற்பது. வாத்தியார் அறுநூற்று அறுபது.

“என் பையனா? அவன் ஒரு தவணை தவறினது உண்டா?”

“தவறல. ஆனா ஒரு கார்டுல எப்பவும் லிமிட் முட்டற வரைக்கும் செலவு. அந்தக் கார்டு விவரம் அவர் போன்ல பார்க்கற கம்பெனிக்குப் போகல, எங்க கம்பெனிக்கு வருது. கல்யாணம் பண்ணிக்கிட்டா மார்க்கெல்லாம் கலந்துடாதும்மா. ஆனா ரெண்டு பேர் சேர்ந்து கடன் கேட்டா, குறைஞ்ச மார்க்கைத்தான் நாங்க எடுத்துக்குவோம்.”

அத்தை மகன் பக்கம் திரும்பினார். “அந்தக் கார்டுல அப்படி என்னடா வாங்கின?”

“நீ கேட்ட சோபாம்மா. அப்புறம் ஃப்ரிட்ஜு... இந்தச் செருப்பு.”

பெண் தன் பெயரில் மட்டும் கடன் வாங்கினாள். தொகை குறைந்தது; மிச்சத்துக்குச் சேமிப்பைச் சுரண்டி எடுத்து வீட்டை வாங்கிவிட்டாள். வாத்தியார் கார்டை அடைத்து முடித்த பிறகுதான் கல்யாணம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன்தான் கீழ்த்தளத்துக்கு இறங்கினான். தராசு அத்தை சோபாவோடு மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோய்விட்டார். சின்ன மகனுக்கு அங்கே பெண் பார்க்கிறாராம். போகிற வீட்டிலெல்லாம் முதல் கேள்வி இதுதானாம்: “எந்தக் கம்பெனி ஸ்கோரு, மொத்தம் எத்தனைக்கு?”