ஓங்கிலுக்கு வந்த அம்மை

கண்டி பஸ் நிலையத்துச் சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் றலியாவின் பையிலிருந்த போத்தலைத் திறந்து மணந்து பார்த்தான். சாராயம். முக்காடு போட்ட பெண்ணின் பையில் சாராயம்! அதற்குள் கிடந்த கறுத்த தோல் துண்டைக் கண்டதும் அவன் முகம் போன போக்கில் றலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலில் துள்ளும் ஓங்கில் என்ற டொல்பினின் தோல், நோய் பார்க்கக் கொண்டுபோகிறேன் என்று சிங்களத்தில் விளக்கினாள். அவன் போத்தலை இரண்டு விரலால் தூக்கித் திருப்பிக் கொடுத்தான்.

திருகோணமலையிலிருந்து அதை பஸ்ஸில் அனுப்பியவர் மீன்பிடி அலுவலர் பொன்னையா. யுத்த நாட்களில் தோலை அழுகாமல் காக்கும் மருந்துத் திரவம் எதையும் சாவடி தாண்ட விடுவதில்லை, அதனால்தான் சாராயம். கரையொதுங்கிய மூன்று ஓங்கில்களின் உடம்பில் பச்சை குத்தியதுபோல வட்ட வட்டமாகத் தழும்புகள். கடலில் நஞ்சு கலந்துவிட்டது என்று ஊர் பயந்து மீன் வாங்குவதை நிறுத்திவிட்டது. மீனில் நஞ்சில்லை என்று கொழும்பிலிருந்து பதில் வந்தும், அந்த வட்டங்களுக்குக் காரணம் தெரியாமல் யாரும் நம்பவில்லை.

பேராதனை மிருக வைத்திய ஆய்வுகூடத்தில் றலியா பதினொரு வருடமாகத் தோலும் தசையும் சீவிச் சாயமேற்றுகிறவள். சாராயத்தில் ஊறிய தோல் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. முதல் நாள் சீவியவையெல்லாம் கண்ணாடித் தகட்டை விட்டுக் கழன்று போயின. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கடைசித் துண்டு மட்டும் ஒட்டி நின்றது. நுணுக்குக்காட்டியில் குனிந்து பார்த்தாள். ஊதிப் பெருத்த உயிர்க்கலங்கள். ஒவ்வொன்றின் உள்ளும் இளஞ்சிவப்பாய் ஒரு பொட்டு. கோழி அம்மையில் எத்தனை தடவை கண்டது!

"டொக்டர், கெதியா வாங்க! பிழையா இருந்தா ஏசுங்க, ஆனா இது அம்மை!"

டொக்டர் சரோஜினிதேவி வந்து நெடுநேரம் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரி, இலேசில் புகழமாட்டார்.

"ஓம் றலியா. அம்மை இனத்து வைரஸ்தான். நஞ்சில்லை. நீர்தான் கண்டுபிடிச்சனீர், திருகோணமலைக்கு அடிக்கிற தந்தியிலை உம்மடை பேரையும் போடுவம்."

றலியா நடைக்கூடத்தில் நின்ற பியூனுக்கும், வாசலில் கண்ட யாரோ ஒரு மாணவிக்கும்கூட அதைச் சொன்னாள்.

தந்தி போன எட்டாம் நாள் காலை தொலைபேசி அடித்தது. பொன்னையா.

"தங்கச்சி, மீன் சந்தைக்குப் பக்கத்து எங்கடை கந்தோரிலை நிண்டு கதைக்கிறன். நான் என்னத்தைச் சொல்ல, நீங்களே கேளுங்கோ!"

அவர் ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். இரைச்சலுக்கு நடுவே ஒருத்தி பாரையை ஏலம் கூறினாள், இன்னொருத்தி அதைவிட உரக்கச் சூடை மீனுக்கு ஆள் கூப்பிட்டாள், யாரோ சிரித்தார்கள். றலியா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் எல்லோரையும் வரச்சொல்லிச் சைகை காட்டினாள்.