கவுச்சி கூடாத வீடு

சாந்தோமில் பிறந்த கத்தோலிக்கர்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் மீன். அன்றைக்கு இறைச்சி தொடக்கூடாது என்பது திருச்சபைக் கட்டளை. அதைத் தவமென்று அங்கே யாரும் நினைத்ததே இல்லை. கட்டுமரம் கரையேறியதும் கோவிந்தம்மா மீன்கூடையோடு வாசலுக்கு வருவாள். "சுறா கீது, வோணுமா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் மர்சலினும் அக்கா கிளாடிஸும் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுப்பார்கள். அப்புறமென்ன, சுறாப்புட்டுதான். பூண்டு மணம் தெருமுனை வரைக்கும் போகும். ஆகா, அதெல்லாம் ஒரு காலம்!

பிறகு கல்யாணமாயிற்று. கணவர் ஞானதாஸ் வாத்தியார். 1931இல் அவருக்கு மாம்பலத்தில் வேலை கிடைத்தது. புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தியாகராய நகரில் காற்றோட்டமான வீடும் அமைந்தது. முன்கட்டில் வீட்டுக்காரர்கள், சுத்த சைவம். வீட்டுக்கார அம்மாள் விசாலாக்ஷி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: "கவுச்சி மட்டும் கூடாதும்மா." வாத்தியார் சரியென்று தலையாட்டிவிட்டார். ஆண்களுக்கென்ன, டவுன் பக்கம் போனால் மிலிட்டரி ஓட்டல் இருக்கிறது. வீட்டுக்காகப் பெண்டாட்டி வயிற்றை அடகு வைத்துவிட்டோம் என்று அந்த மனிதருக்கு உறைக்கவேயில்லை.

விசாலாக்ஷி பொல்லாதவளாக இருந்திருந்தால் மர்சலின் சண்டை போட்டிருப்பாள். அவளோ தங்கமான மனுஷி. மோர்க்குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அவள் முகம் சுளிக்கக் கூடாதே என்று, சாந்தோமுக்குப் போனால்கூட மர்சலின் மீனைத் தொடமாட்டாள். "கையில வாசம் நிக்கும்க்கா" என்று தயிர்ச்சோற்றோடு எழுந்துவிடுவாள். தெருவில் மீன்காரி போனால் விசாலாக்ஷியோடு சேர்ந்து இவளும் மூக்கைப் பொத்திக்கொள்வாள். எல்லாம் நடிப்புதான். ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா? ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் கத்தரிக்காய் அரியும்போது, சாந்தோமுக்குத் திரும்பும் நாளில் முதல் வாய் சுறாப்புட்டுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். அந்த ஒரு வாயை நினைத்துத்தான் அத்தனை வருஷத்தையும் தள்ளினாள்.

கடைசியில் வாத்தியாருக்குச் சாந்தோமுக்கே மாற்றல் வந்தது. விசாலாக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியனுப்பினாள். குடிவந்த நாளும் ஒரு வெள்ளிக்கிழமை. சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் கிளாடிஸ் சுறாப்புட்டுச் சட்டியோடு வந்துவிட்டாள்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கிறே? அம்மா கைப்பக்குவம் அப்படியே கீது. உக்காந்து சாப்புடு."

மர்சலின் ஆசை ஆசையாக ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். போட்ட வேகத்தில் குமட்டிக்கொண்டு வந்தது. இடது கை தானாக மூக்கைப் பொத்தப் போனது. இங்கே யாருக்காக நடிக்க வேண்டும்? பிறந்த வீட்டுச் சாப்பாடு, அம்மா ஊட்டி வளர்த்த சாப்பாடு, தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்றது. அழுகை முட்டியது. கண்ணை இறுக மூடிக் கஷாயம் போல விழுங்கிவிட்டு, அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குக்கா."

கிளாடிஸின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. மீன் ருசியாக இருந்தால் மர்சலின் அதை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. தட்டிலிருந்து தலையை நிமிர்த்த அவளுக்கு நேரமிருக்காது. கூடப்பிறந்தவளுக்கு அது தெரியாதா?

கிளாடிஸ் தங்கையின் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்து வைத்துவிட்டு, கிண்ணமொன்றை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இரு, பக்கத்து வூட்டுல தயிர் வாங்கியாறேன்."