வெர்லினுக்கு உட்காரத் தெரியாது

வெர்லின் ஹாஸ்கெட் செத்தது பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில். உப்புத் தரையில் மணிக்கு இருநூற்றைம்பது மைல் வேகத்தில் போனபோதெல்லாம் சாகாதவன், ஒரு பழைய பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அங்கிருந்த பெண்ணை மறுபடியும் கேட்டுவிட்டு, நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டான். இதயம். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "கொஞ்ச நேரம் சும்மா இரேன், மனுஷா" என்பதுதான் நான் அவனிடம் கடைசியாகச் சொன்னது. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு தடவைதான் என் பேச்சைக் கேட்டான்.

என் பெயர் நோரீன். அவனை முதலில் பார்த்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் பெல்ஃப்ளவர் ஊரில், கூரையை அறுத்தெடுத்து, மட்கார்டைக் கழற்றி எறிந்த ஒரு பழைய ஃபோர்டில் வந்து நின்று, "ஏறு, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றான். ஏறிப் பார்த்தால் எனக்கு சீட்டே இல்லை. ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தான். எடை குறைக்கிறானாம். முதல் திருப்பத்தில் பெட்டியோடு சேர்ந்து அவன் மடியில் போய் விழுந்தேன். இரண்டாவது திருப்பத்தில் போலீஸ் பிடித்தது. அந்த வருஷமே கல்யாணம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டும் யூட்டாவில் கார் வேகப் போட்டி நடக்கும் பான்வில் உப்புத் தரைக்குப் போனோம். பிள்ளை இல்லை. வீட்டின் பின்னால் இருந்த கொட்டகையில் ஒரு கார் இருந்தது. போர் விமானத்தின் அடியில் தொங்கும் பெட்ரோல் தொட்டிக்குள் எஞ்சினையும் ஆளையும் திணித்து, வெளியே நாலு சக்கரம் வைத்த கார். அதைச் செய்து முடித்தான் என்று சொல்ல மாட்டேன். அவன் எதையும் முடித்ததில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே தின்பான். தேவாலயத்தில் பாட்டு முடிவதற்குள் வாசலுக்குப் போய்விடுவான். படுக்கையில்கூட ஒரு கால் தரையில் இருக்கும்.

அவனை நினைவுகூர எல்லோரும் டோனட் கடை வாசலில் கூடினோம். சனிக்கிழமை காலையில் பழைய கார்க்காரர்கள் எல்லாம் வந்து நிற்கிற இடம் அது. பாதிரியார் நல்லவிதமாகப் பேசினார். அப்புறம் டாயில் கிரெப்ஸ் மைக்கைப் பிடுங்கினான். ஆறடிக்கு மேல் உயரம், அரை மைல் தள்ளிக் கேட்கும் குரல், வெர்லினுடைய பரம எதிரி, நெருங்கிய நண்பன்.

"பாதிரியார் சொன்ன ஆளை எனக்குத் தெரியாது," என்றான். "எனக்குத் தெரிஞ்ச வெர்லின் ஒரு பிடிவாதக்காரக் கழுதை. சொன்ன பேச்சு கேக்க மாட்டான். என் ஸ்பானரை வாங்கினா திருப்பித் தர மாட்டான். அவன் இல்லாம இந்த வருஷம் நான் யாரைத் திட்டுறது?" மைக்கை என்னிடம் நீட்டினான். "நீ அந்த மேக்னெட்டோ கதையைச் சொல்லு, நோரீன்."

சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

எங்கள் வகைக் கார்களில் வேக ரெக்கார்டு டாயிலிடம் இருந்தது. வெர்லினும் டாயிலும் அப்போது பேசிக்கொள்வதில்லை. காரணம் இதுதான்: முன்பு ஒரு ஆகஸ்டில், ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூண்டில் வெர்லின் வைத்த ஒரு வெல்டிங் விரிந்திருப்பதை டாயில் பார்த்துவிட்டான். நேராகப் போய், போட்டிக் கார்களைச் சோதிக்கும் பரிசோதகரிடம் சொல்லிவிட்டான். அந்த வருஷம் எங்களை ஓட விடவில்லை. "காட்டிக் குடுத்துட்டான் நாய்," என்று ஊர் திரும்பும் வழியெல்லாம் வெர்லின் ஸ்டீயரிங்கைக் குத்திக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்து கூண்டை அறுத்துப் பார்த்தபோது அந்த இணைப்பு கையோடு வந்துவிட்டது. வெர்லின் அதை வெகுநேரம் பார்த்தான். அதற்காகவே டாயிலோடு இன்னும் அதிக நாள் பேசாமல் இருந்தான்.

உப்பு நன்றாகக் காய்ந்து இறுகியிருந்த ஒரு வருஷம், வெர்லின் டாயிலின் ரெக்கார்டைத் தாண்டி ஓடினான். ஆனால் ஒரு ஓட்டம் போதாது. காரை வேலி போட்ட இடத்தில் நிறுத்திவிட்டு, மறுநாள் காலை இன்னொரு தடவை ஓட வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. மாலையில் சோதித்துப் பார்த்தபோது மேக்னெட்டோ செத்துக் கிடந்தது. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுப்பதே அதுதான். எங்களிடம் வேறு இல்லை. வெர்லின் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தான். உப்பில் ஒரு வட்டப்பாதையே விழுந்துவிட்டது.

அப்போது டாயில் ஒரு துண்டில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான்.

"இந்தா."

"என்னது?"

"பாத்தா தெரியலையா? என் மேக்னெட்டோ."

"உன் கார்ல இருந்து கழட்டினியா?"

"பின்ன என்ன, மரத்துலயா பறிச்சேன்?"

வெர்லின் கையை நீட்டவில்லை. "இதைப் போட்டா நாளைக்கு உன் ரெக்கார்டு போயிடும்டா."

"போகட்டும். நீ ஓடாமப் போனா, 'மேக்னெட்டோ மட்டும் இருந்திருந்தா'ன்னு சாகிற வரைக்கும் மூக்கால அழுவ. அதை எவன் கேக்கிறது? போடு. ஓடு. அப்புறம் நான் திரும்ப எடுத்துக்கிறேன். ரெண்டையும்."

வெர்லின் வாங்கிக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. "அந்த வெல்டிங்," என்றான், தலையைக் குனிந்துகொண்டே. "கையோட வந்துடுச்சு."

"தெரியும்டா," என்றான் டாயில்.

மறுநாள் காலை நான்தான் பின்னால் லாரியை வைத்துத் தள்ளினேன். அந்த மாதிரி கார்கள் தானாகக் கிளம்பாது. வேகம் பிடிக்கிற வரை முட்டித் தள்ள வேண்டும். என் லாரியை விட்டுப் பிரிந்து, ஒரு கர்ஜனையோடு சின்னப் புள்ளியாகிப் போனான். லாரி வானொலியில் போட்டி அறிவிப்பாளர் ஒவ்வொரு மைலாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசி மைலைத் தாண்டிவிட்டான் என்றார். அடுத்த நொடி, "கார் சுத்துது, சுத்துது" என்றார். பிறகு சத்தமே இல்லை.

லாரியை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். உப்பில் தூரம் தெரியாது. போகப் போக கார் கிளப்பிய வெள்ளைப் புழுதி அதே இடத்தில்தான் நின்றது. அவனோடு போட்ட சண்டை ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. போய்ச் சேர்ந்தபோது கார் வந்த திசையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்கப் பின்னால் விரிக்கும் பாராசூட்டின் கயிறு சக்கரத்தில் சுற்றியிருந்தது. உள்ளே இருந்து யாரோ மூடியை டம் டம்மென்று குத்தினார்கள். திறந்தேன்.

"எவ்வளவு?" என்றான்.

"உயிரோட இருக்கியா?"

"அதான் பேசுறேன்ல. எவ்வளவு வந்துச்சு?"

ஹெல்மெட்டோடு சேர்த்துத் தலையில் ஒரு அறை விட்டேன். கை எனக்குத்தான் வலித்தது. கார் சுற்றியது கடைசி மைலைத் தாண்டிய பிறகு. ஆகவே ஓட்டம் செல்லும். ரெக்கார்டு அவன் பெயருக்கு வந்தது.

அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. டாயில் தன் மேக்னெட்டோவை வாங்கி மாட்டிக்கொண்டு, போட்டிகள் முடிவதற்கு முன்பே ரெக்கார்டைத் திருப்பி எடுத்துவிட்டான். அவன் காரைத் தள்ள லாரியை ஓட்டியது யார் தெரியுமா? வெர்லின். முடிவைக் கேட்டதும் நான் அவன் முகத்தைப் பார்த்தேன். வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ரெக்கார்டு கையில் இருந்த நாட்களில்தான் அவன் உண்மையிலேயே தவித்தான். காரின் பக்கத்தில் போகவே இல்லை, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரிந்தான். பறிபோனதும் விசிலடித்துக்கொண்டு காருக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த ரெக்கார்டு அவனிடம் வரவே இல்லை.

டோனட் கடை வாசலில் இந்தக் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் எஞ்சின்களை ஒரே நேரத்தில் கிளப்பி உறும விட்டார்கள். தெரு முழுக்க ஜன்னல்கள் அதிர்ந்தன. வீட்டுக்கு வந்தேன். வீடு அமைதியாக இருந்தது.

அந்த அமைதி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்தேன். நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தேன். ஒரு அருங்காட்சியகத்திலிருந்து ஒரு நல்ல மனிதர் போன் செய்து, காரைச் சுற்றிக் கயிறு கட்டிக் காட்சிக்கு வைப்பதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். டாயிலைக் கூப்பிட்டேன்.

"நீ ஓட்டு இதை," என்றேன்.

டாயில் வந்து காருக்குள் இறங்கிப் பார்த்தான். இடுப்பு வரை போனது. தோள் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன். வெர்லின் போன பிறகு நான் முதன்முதலாக அன்றுதான் சிரித்தேன்.

"இது கார் இல்ல, அந்தக் குள்ளனுக்குத் தைச்ச சட்டை," என்றான் டாயில், முழங்கையைத் தடவிக்கொண்டு.

அவனுக்கு மட்டும் தைத்ததல்ல. அந்தக் கூண்டை மறுபடி கட்டியபோது வெர்லினுக்கு முதுகு பிடித்திருந்தது. அளவுக்காக வாரக்கணக்கில் என்னைத்தான் உள்ளே உட்கார வைத்தான். இருவரும் ஒரே உயரம். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கால் பெடலில் சரியாகப் போய் நின்றது.

"வேண்டாம்," என்றான் டாயில்.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"உன் மூஞ்சி சொல்லுது. உனக்கு என்ன வயசு, நோரீன்?"

"உன்னைவிடக் கம்மிதான்."

நான் காரை ஓட்டலாம் என்று என் மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஆகஸ்டில் பான்விலில் பரிசோதகர், தீப்பிடித்தால் தப்பிக்க முடியுமா என்று பார்க்க, என் கண்ணைக் கட்டி, சீட் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு காரை விட்டு வெளியே வரச் சொன்னார். முதல் தடவை ஒரு வாரில் கால் மாட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை வந்துவிட்டேன். புதியவர்கள் மெதுவாகத்தான் தொடங்க வேண்டும். மெதுவாக என்றால், நெடுஞ்சாலையில் போனால் சிறையில் போடுகிற வேகம்.

டாயில் தள்ளினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

இத்தனை வருஷம் அவன் அங்கே எதைப் பார்த்தான் என்று இன்று தெரிந்துவிடும் என்று நம்பித்தான் உள்ளே உட்கார்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. முன்னால் வெள்ளை, நடுவில் ஒரு கறுப்புக் கோடு. கார் அந்தக் கோட்டை விட்டு இடப்பக்கம் போகவே ஆசைப்பட்டது. குதிகாலில் சூடு. முதுகெலும்பு வரை நடுக்கம். வெர்லின் நினைவு ஒரு நொடிகூட வரவில்லை; கோட்டைப் பிடிப்பதற்கே நேரம் போதவில்லை. பாராசூட்டை இழுத்தபோது பின்னால் இருந்து யாரோ சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியது போல இருந்தது. நின்றேன். மூடியைத் திறந்தேன். காற்றில் உப்பு வாசம்.

டாயில் லாரியை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். அந்த வயதில் அவன் ஓடி நான் பார்த்ததில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"பிடிக்கவே இல்ல," என்றேன். "அந்த மனுஷன் இதுக்காகவா என் வாழ்க்கையைக் கொட்டகையில தள்ளினான்?"

டாயில் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். அவன் கண் கலங்கியிருந்ததா, உப்பு பட்டிருந்ததா, தெரியவில்லை. "சரி," என்றான் மெதுவாக. "அப்ப வண்டியை ஏத்திடலாம். வீட்டுக்குப் போவோம்."

"வீட்டுக்கா? கார் இடது பக்கம் இழுக்குதுடா. முன் சக்கரத்தைப் பாக்கணும். சீக்கிரம் லாரியில கயித்தைக் கட்டி இழு, அடுத்த ஓட்டத்துக்கு வரிசை நீளமாயிட்டே போகுது."