வலது ஸ்பீக்கர்

கச்சேரிக் குழுவில் கிடார் வாசித்த வீரபாகு பஸ் விபத்தில் செத்த பிறகு, வாசிப்பை எதிரொலிக்க வைக்கும் அவனுடைய டிலே பெடல், அவன் இடத்துக்கு வந்த அமர்நாத்திடம் சேர்ந்தது. எதிரொலியின் வேகத்தை வைக்கும் குமிழில் வீரபாகு அடையாளத்துக்கு ஒட்டிய சிவப்பு டேப் இன்னும் இருந்தது. ஓராண்டாகக் கல்யாணக் கச்சேரிகளில் அமர்நாத் அதை மிதித்துத்தான் வாசித்தான். அவன் எங்கே தப்பாக வாசித்தாலும் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

ஆனால் பெடலோடு இணைத்த இரண்டு ஸ்பீக்கர்களிலும் வாசிப்பும் எதிரொலியும் கலந்து கூழாக வந்ததில் அவனுக்கு எரிச்சல். படவேட்டுத் திருவிழாவுக்குள் இரண்டையும் பிரித்தே தீருவதென்று பெடலின் மூடியைக் கழற்றினான்.

"அதைப் பிரிக்காதீங்கண்ணா," என்றாள் பரிமளா. வீரபாகுவின் மனைவி, குழுவின் பாடகி.

"இதுல ஒனக்கு இன்னாம்மா தெரியும்?" என்று சீறிவிட்டு, ஒரு ரெசிஸ்டரின் காலைத் தூக்கி, ஒயரை மாற்றிப் பற்றவைத்தான். இனி இடது ஸ்பீக்கரில் வாசிப்பு மட்டும். வலதில் எதிரொலி மட்டும்.

வீரபாகு போட்ட மெட்டொன்றை வாசித்துப் பார்த்தான். வழக்கமாகத் தடுமாறும் இடத்தில் விரல் வழுக்கியது. இடது ஸ்பீக்கர் அந்தத் தப்பை அப்படியே சொன்னது. ஒரு மூச்சு கழித்து, வலது ஸ்பீக்கரில் அதே இடம் சுத்தமாக வந்தது.

அமர்நாத் கிடாரின் ஒயரைப் பிடுங்கினான். இடது அடங்கியது. வலது மட்டும் மெட்டின் மிச்சத்தை வாசித்துக்கொண்டே போனது, யாருக்கோ காத்திருப்பதுபோல் நின்று நின்று.

பரிமளா அந்த ஸ்பீக்கரின் மேல் கையை வைத்தாள்.

"இத்தினி நாளா உங்க கூட சேந்து வாசிச்சிகினு இருந்தாரு. இப்ப அவரைத் தனியா உட்டுட்டீங்களேண்ணா."