சுண்ணாம்பு பூசிய மேப்பிள்

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாயால் சொல்லக்கூடியதை இந்தக் காலத்து ஆட்கள் கடிதமாக எழுதித் தபாலில் போடுகிறார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாத கூட்டம் என்று சண்முகலிங்கம் காலையிலிருந்து பொருமிக்கொண்டிருந்தார். சுவிஸில், ஓஸ்டர்முண்டிகன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருடம் சட்டி கழுவி ஓய்ந்த மனிதர். தோட்டச் சங்கத்தின் கடிதம் அவர் சட்டைப்பையில் கசங்கிக் கிடந்தது. குத்தகைத் தோட்டங்களில் ஓங்கி வளரும் மரங்களுக்கு இடமில்லை. அவருடைய தோட்டத் துண்டில் நிற்கும் மேப்பிளை மாத முடிவுக்குள் வெட்ட வேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன் துன் நகரில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று. குட்டையாகவே நிற்கும் கனடா மரம் என்று விற்றவன் சொன்னான். விற்பவன் வாயில் வந்ததைச் சொல்லுவான் என்று பெயர் அட்டையை அன்றைக்கே பிய்த்து எறிந்திருந்தார். இப்போது கையில் அத்தாட்சி ஒன்றும் இல்லை.

மரத்தைப் பார்க்கச் சங்கத்திலிருந்து சிவமலர் வந்தாள். நாற்றுப்பண்ணையில் வேலை செய்பவள். வெட்டச் சொல்லிவிட்டு வேவு பார்க்கவும் வந்துவிட்டாளே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். வாத்தின் பாதம்போல அகலம், மூன்று நுனி. இலை மட்டும் போதாது, பட்டையைப் பார்க்க வேண்டும் என்றாள். அடிமரமோ முழுக்க வெள்ளை.

"இதென்னண்ணை, சுண்ணாம்போ?"

"எறும்பு ஏறாமல் பூசினது. ஊரிலை பூசிறேல்லையோ?"

"மரத்தின்ரை பாஸ்போட்டை நீங்களே அழிச்சுப்போட்டு எங்களோடை கோவிக்கிறியள்."

அவருக்குச் சுருக்கென்றது. வாளித் தண்ணீரில் சாக்கை நனைத்து, அவள் முகத்தைத் தேய்ப்பதுபோல அடிமரத்தைத் தேய்த்தார். பச்சைப் பட்டையில் நெடுக்காக வெள்ளை வரிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன.

சிவமலர் படம் எடுத்துக்கொண்டாள். இந்த வரி இருந்தால் பெரிய மரங்களின் அடியில் வளரும் சின்ன மேப்பிள்தான், வெட்டவேண்டாம் என்று சங்கத்தில் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னாள். பிறகு கருகியிருந்த இலை ஓரங்களைக் காட்டினாள்.

"வெயில் இதுக்கு ஒத்துவராதண்ணை. இலை கொட்டினாப் பிறகு கொட்டிலுக்குப் பின்னாலை நிழலுக்கு மாத்துங்கோ. அடியிலை இலைமக்குப் போட்டு ஈரமாய் வைச்சிருங்கோ."

"சங்கத் தலைவர் கண்ணிலை படாமல் ஒளிச்சு வைக்கச் சொல்லுறாய்."

"ஐயோ, நிழல்தான் அண்ணை அதுக்குச் சாப்பாடு."

சண்முகலிங்கம் ஈரச் சாக்கை வேலியில் அறைந்து போட்டுவிட்டு, பஸ் தரிப்பை நோக்கி நடந்தார். வெயில் இல்லாமல் ஒரு மரம் வளருமாம். யாரிடம் விடுகிறாள் கதை?