பக்கத்து வீடில்லாத நாற்பத்தைந்து

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆராய்ச்சியாளர் லிபுஷே மாலிகோவா என் ஜன்னலுக்கு வந்து சிரித்தபோதே விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது. ஆய்வுக்கூடத்து வாசலில் சாவி கொடுத்துக்கொண்டு ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்தது அதற்கு முன் ஒரே ஒரு தடவை. அன்று பனியில் வழுக்கி விழுந்தவர் எங்கள் கூடத்துத் தலைவர், பேராசிரியர்.

“நாற்பத்தஞ்சு, யர்மிலாம்மா! நாற்பத்தஞ்சு!”

“யாருக்கு? உங்களுக்கா?”

“எனக்கு நாற்பத்தொண்ணுதான். இது டான்டலத்துக்கு!”

டான்டலம் என்பது ஒரு கனத்த உலோகம். எங்கள் லேசர் அதன் மேல் ஒரு அடி அடிக்கும். அடிபட்ட இடம் பிளாஸ்மாவாகப் பொங்கும். அந்தச் சூட்டில் அணுக்கள் தங்கள் எலெக்ட்ரான்களைப் பறிகொடுத்துவிட்டு அயனிகளாக ஒரு நீளக் குழாய்க்குள் ஓடும். எவ்வளவு பறிபோனதோ அவ்வளவு பெருமை. எங்கள் கூடத்தில் யாரும் முப்பத்தெட்டைத் தாண்டியதில்லை. லிபுஷேயின் திரையில் நாற்பத்தைந்துக்கான இடத்தில் தேவாலயக் கோபுரம் மாதிரி ஒரு கூர் நின்றதாம். அன்று சாயங்காலமே சிசிலி மாநாட்டுக்கு, தலைப்பிலேயே நாற்பத்தைந்து என்று போட்டு, உரைச் சுருக்கம் அனுப்பிவிட்டார். வியாழனன்று ஏற்றுக்கொண்டு பதிலும் வந்தது. பேராசிரியர் அமைச்சகம் வரைக்கும் போன் போட்டுச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசத் தெரியாதவர், அதனால் எனக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு லேசர் இயக்கும் ஹினெக், காப்பிப் பொடியை டம்ளரில் போட்டு என் கெண்டியிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்:

“யர்மிலாம்மா, உங்க தெருவுல நாற்பத்தஞ்சாம் நம்பர் வீடு மட்டும் இருக்கு. நாற்பத்துநாலும் இல்ல, நாற்பத்தாறும் இல்ல. என்ன நினைப்பீங்க?”

“யாரோ பொய் நம்பர் மாட்டியிருக்காங்கன்னு நினைப்பேன்.”

“அதேதான். போய்ச் சொல்லிட்டு வரேன்.”

கையெழுத்து வாங்க வேண்டிய பார்சல் ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

“உங்க நாற்பத்தஞ்சுக்கு அக்கம்பக்கமே இல்லையே, டாக்டரம்மா” என்றார் ஹினெக். “அது கார்பன்.”

லிபுஷேயின் முகம் சுருங்கியது. காகிதத்தில் கணக்குப் போட்டார். டான்டலத்தின் எடை நூற்று எண்பத்தொன்று. நாற்பத்தைந்தால் வகுத்தால் நாலு, கொசுறு கொஞ்சம். கார்பனின் எடை பன்னிரண்டு. மூன்று எலெக்ட்ரான் போனால் அதுவும் நாலு. இரண்டும் குழாயின் மறுமுனைக்கு ஒரே நேரத்தில் வந்து சேரும். திரை அங்கே யாரிடமும் பெயர் கேட்பதில்லை.

“கார்பன் எங்கேருந்து வரும்? அசிட்டோன் போட்டு நானே துடைச்சேன்!”

“துடைச்சதுக்கு அப்புறம்?”

லிபுஷே தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். அவர் துடைத்த திங்கட்கிழமை, காலண்டரில் ஹினெக் என்று பெயர் போட்ட நாள்; எங்கள் ஊரில் பெயர்நாள்காரர்தான் விருந்து வைப்பார். உருளைக்கிழங்கு சாலட்டும் மயோனைசும் வழிய வழிய ரொட்டித் துண்டுகளை அவர்தான் தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். அந்த எண்ணெய்ப் பசையெல்லாம் கார்பன்; அதைத் தின்ற கையால்தான் லிபுஷே உலோகத்தை மாட்டியிருக்கிறார்.

“கையுறை போடலையா?”

“சின்ன சைஸ் தீந்துபோச்சு. பெரிசு போட்டா உலோகம் கைல நிக்கல.” பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, “உன் பேரை எவன் காலண்டர்ல போட்டான்?” என்றார்.

உலோகம் இருக்கும் வெற்றிடத் தொட்டியைத் திறந்து துடைத்தால் காற்றை மறுபடி உறிஞ்சி எடுக்க ஒன்றரை நாள். அன்று இரண்டு மணிக்கு லேசர் போலந்துக்காரர்களுக்கு. அவர்கள் பெட்டிகள் காலையிலிருந்தே என் வாசலை அடைத்துக்கொண்டிருந்தன. அடுத்த முறை லிபுஷேவுக்கு இலையுதிர் காலத்தில்தான், மாநாடு முடிந்த பிறகு. மிச்சமிருந்தது நாலு அடி. ஒரே இடத்தில் இரண்டு தடவை அடிக்க வேண்டும் என்றார் ஹினெக்: முதல் அடி அழுக்கை எரிக்கும், இரண்டாவதுதான் உலோகத்தைத் தொடும். ஆக உண்மையில் இரண்டே வாய்ப்பு.

லேசரின் எச்சரிக்கை மணி அடித்தது, எல்லாரும் வெளியே வந்தோம். அடி. இருபத்தைந்து நிமிடக் காத்திருப்பு. மறுபடி மணி, மறுபடி அடி. உலோகத்தைப் பிடித்திருக்கும் திருகு திரும்பி, உலோகம் ஒரு மயிரிழை நகர்ந்திருந்ததால் பழைய குழியில் விழாமல் புது அழுக்கின் மேல் விழுந்தது. கோபுரம் அப்படியே நின்றது.

“திருகைத் தொட்டது யாரு?”

“நீங்கதான், டாக்டரம்மா.”

“தெரியும்! சும்மா கேட்டேன்!”

மூன்றாவது அடி அழுக்குக்குப் போனது. நான்காவது சரியாகக் குழியில் விழுந்தது. முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று கூர்கள் ஒழுங்காக உயரம் குறைந்துகொண்டே வந்து, அதற்கப்புறம் வெறும் இரைச்சல். நாற்பத்தைந்து இருந்த இடம் மொட்டையாகக் கிடந்தது.

படிக்கட்டில் லிபுஷேயைப் பேராசிரியர் பிடித்துக்கொண்டார். “அன்னிக்கு கார்பனும் இருந்திருக்கலாம், டான்டலமும் இருந்திருக்கலாம். எவன் வந்து எண்ணப்போறான்?”

“நான் எண்ணிட்டேனே.”

“அமைச்சகத்துக்கு நான் என்ன சொல்றது?”

“மயோனைஸ்னு சொல்லுங்க.”

பஸ்ஸுக்குக் காத்திருக்க லிபுஷே என் அறை ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் கடிதம் எழுதினார். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன், அவரும் மறைக்கவில்லை. தலைப்பில் நாற்பத்தைந்தை எடுத்துவிட்டு முப்பத்தெட்டு என்று திருத்தும்படி மூன்றே வரி. அனுப்பு என்பதை அழுத்தும் முன் இரண்டு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. மனிதர் எழுதியதல்ல, எந்திரம். ஏற்கப்பட்ட தலைப்புகளை மாற்ற இயலாது. தங்கள் உரையை ஆவலுடன் எதிர்நோக்குகிறோம்.

“ஆவலாம்!” போனை மேசையில் குப்புறப் போட்டார். “நாற்பத்தஞ்சுன்னு அச்சடிச்சு மாட்டி வைப்பாங்க. அதுக்குக் கீழ நின்னு இல்லைங்கணும் நான்!”

“போகாம இருந்துடுங்களேன். காய்ச்சல்னு சொல்லிட்டு.”

“போகலன்னா அச்சடிச்சது மட்டும் நிக்கும், யர்மிலாம்மா.”

என் ரெஜிஸ்டரிலிருந்து கேட்காமலே ஒரு தாளைக் கிழித்து உரையின் முதல் வரியை எழுதி, என் பக்கம் திருப்பிக் காட்டினார். ‘வணக்கம். தலைப்பில் உள்ளது கார்பன்.’

“மரியாதையா இருக்கா?”

“மரியாதையா இல்ல. சுருக்கமா இருக்கு.”

வெளியே பஸ் வந்து, நின்று, போய்விட்டது. அவர் இரண்டாவது வரியை எழுதிக்கொண்டிருந்தார்.